ஆட்டுக்கறியா, அன்ஜீரோவா? மினியாபொலிஸ் சோமாலியக் கடைகளில் எதை எப்போது கேட்பது

சோமாலியக் கடைக்கு முதல்முறை போகிறவர்கள் ‘பிரியாணி மாதிரிதானே’ என்று சோறும் ஆட்டுக்கறியும் கேட்பார்கள். கேட்டது சரிதான். கேட்ட நேரம்தான் பல சமயம் தப்பாகிவிடுகிறது. பகல் ஒரு மணிக்கு வரும் ஆட்டுக்கறியும் இரவு எட்டரைக்கு வரும் ஆட்டுக்கறியும் ஒரே அண்டாவில் வெந்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் இரண்டாவது, ஏழு மணி நேரத்துக்கு மேல் சூட்டுப்பெட்டியில் கிடந்து நார் நாராகியிருக்கும். அந்தச் சோமாலியக் கடையில் ராத்திரி வேறொன்று பிரமாதமாகக் கிடைத்திருக்கும். அதைக் கேட்கத் தெரியாமல் ‘சோமாலியச் சாப்பாடு வறட்சி’ என்று முடிவு கட்டிக்கொண்டு வருவார்கள்.

அமெரிக்காவில் சோமாலியர்கள் அதிகம் வாழும் மாநிலம் மினசோட்டா. 1991இல் சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் அரசு கவிழ்ந்து உள்நாட்டுப் போர் மூண்டபின் வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் பெரும்பாலோர். அந்த மாநிலத்தின் பெரிய நகரமான மினியாபொலிஸில் இரண்டு பக்கம் போய்ப் பார்க்கலாம். ஒன்று, அடுக்குமாடிக் கோபுரங்கள் நிற்கும் சீடர்-ரிவர்சைடு. நகர ரயிலின் நீல வழியில் அதே பெயரில் நிலையம் இருக்கிறது. மற்றது, லேக் தெருவை ஒட்டிய கார்மெல் மால். துணிக்கடை, தையல் கடை, ஊருக்குப் பணம் அனுப்பும் ஹவாலா கடை, நடுநடுவே சாப்பாட்டுக் கடை என்று நம்மூர்ச் சந்தைக் கட்டடம் போல இருக்கும். உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட முதலாவது. ஸம்பூஸும் (நம் சமோசாதான்) டீயுமாகக் கொறித்துக்கொண்டு சுற்ற இரண்டாவது. இரண்டு இடத்துச் சோமாலியக் கடைகளிலும் மது கிடையாது, பன்றி கிடையாது, எல்லாமே ஹலால்.

எல்லாம் ஒரே அண்டாவிலிருந்து

என்ன கேட்பது என்று முடிவு செய்வதற்கு முன் சமையலறையில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வெள்ளாட்டுக் கறியை (ஹிலிப் அரி என்பார்கள், ஹிலிப் என்றால் கறி) எலும்போடு பெரிய துண்டுகளாக வெட்டி, வெங்காயம், பூண்டு, ஏலக்காய், உப்பு போட்டு எலும்பிலிருந்து கழன்று வரும் பதம் வரை வேகவைப்பார்கள். கறியை வெளியே எடுத்து எண்ணெயும் மசாலாவும் தடவி அடுப்புப்பெட்டியில் வைத்து மேல்தோல் சிவக்கவிடுவார்கள். மிச்சமிருக்கும் கறித்தண்ணீரில் ஒரு பங்கு சூப்பாகிறது: மரக். இன்னொரு பங்கு சோற்றுக்குப் போகிறது: எண்ணெயில் வெங்காயம், பட்டை, கிராம்பு, ஏலக்காய், தக்காளி வதக்கி, ஊறிய பாஸ்மதி அரிசியைப் போட்டு, தண்ணீருக்குப் பதில் அந்தக் கறிச்சாறு. இதுதான் பரீஸ் இஸ்குகரிஸ். ‘இஸ்குகரிஸ்’ என்றால் ஒன்றாகச் சேர்த்துச் சமைத்தது என்று பொருள். மேலே வறுத்த வெங்காயம், உலர்திராட்சை, சில கடைகளில் உருளைக்கிழங்கு.

கேட்காமலேயே, காசு இல்லாமலே முதலில் சூப் வருவது இதனால்தான். கறித்துண்டு ஒன்றுகூட இல்லாத சோற்றிலும் கறி வாசம் அடிப்பதும் இதனால்தான். சைவர்கள் ‘வெறும் சோறு கொடுங்கள்’ என்று கேட்டுச் சாப்பிட்டு ஏமாறுவதும் இதனால்தான். மதியத்துக்கென்று வேகவைத்த அண்டா தீர்ந்துவிட்டால் அன்றைக்கு நல்ல ஆட்டுக்கறி அவ்வளவுதான். தோள், தொடை, விலா என்று பகுதி கேட்டு வாங்கும் வழக்கம் இருப்பதால் நல்ல துண்டுகள் முதலில் போய்விடும். பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணிக்குள் போங்கள். தோள் துண்டைக் கேளுங்கள்: கொழுப்பும் சவ்வும் இருப்பதால் காயாது. தொடையில் கறி அதிகம், ஆனால் முதலில் காய்ந்துபோவதும் அதுதான்.

வெள்ளிக்கிழமை மட்டும் இந்தக் கணக்கு மாறும். ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு கூட்டம் மொத்தமாக வந்து இறங்கும். அதற்கு அரை மணி முன்னதாகப் போய்விட வேண்டும், இல்லையென்றால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சோறா, பாஸ்தாவா?

எல்லாத் தட்டுக்கும் இந்தக் கேள்வி வரும். சோமாலியாவின் தென்பகுதி இத்தாலியின் கையில் இருந்தது. உலகப்போருக்குப் பிறகும் 1950 முதல் 1960 வரை ஐ.நா. பொறுப்பாட்சி என்ற பெயரில் இத்தாலியே நிர்வகித்தது. அவர்கள் போனார்கள், ஸ்பகெட்டி தங்கிவிட்டது. சோமாலி மொழியில் ‘ப’வின் வல்லோசை கிடையாது என்பதால் அது baa என்ற மெல்லோசையோடு ‘பாஸ்தோ’ ஆனது. அதன் மேல் ஊற்றும் குழம்பு சூகோ, இத்தாலியரின் சொல்லேதான். ஆனால் சுவை இத்தாலியினது அல்ல. தக்காளியும் கொத்துக்கறியும் வேகும் சட்டியில் சீரகம், மல்லி, ஏலக்காய் இறங்கியிருக்கும்.

இதில் நம்மவர்கள் செய்யும் ஒரு தவறு: ‘பாஸ்தா குழைந்திருக்கிறது’ என்று திருப்பி அனுப்புவது. அது குழைந்ததல்ல, வேண்டுமென்றே அப்படி வேகவைத்தது. கையால் பிசைந்து, குழம்பை உறிஞ்சவிட்டு, வாழைப்பழத்தோடு சேர்த்து உருட்டிச் சாப்பிடுவதற்கு விறைப்பான ஸ்பகெட்டி உதவாது. (நீள நீளமாகக் கிடப்பதைக் கையால் எப்படி எடுப்பது என்றால்: விரல் நுனியால் கொஞ்சமாக ஒதுக்கி, தட்டின் ஓரத்தில் சுருட்டி, கட்டைவிரலால் தள்ள வேண்டும். முதல் நாலு கவளம் சட்டையில்தான் போகும்.)

எதைத் தேர்ந்தெடுப்பது? கூட என்ன கறி வருகிறது என்பதைப் பாருங்கள். எலும்போடு வரும் ஆட்டுக்கறிக்குக் குழம்பு கிடையாது, எனவே கறிச்சாற்றில் வெந்த சோறுதான் அதற்கு இணை. சிறு துண்டுகளாக நறுக்கி மிளகாய், கேரட், உருளையோடு வதக்கிய சுகார் என்றால் பாஸ்தோ நன்றாகச் சேரும். அந்தச் சாறு ஸ்பகெட்டியில் இறங்கும். ஆட்டுக்கறியையும் பாஸ்தோவோடு கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. அப்படிக் கேட்டால் சூகோவைத் தனிக் கிண்ணத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிவெடுக்க முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ‘ஃபெடரேஷன்’ என்று கேட்டால் பாதிச் சோறு, பாதி ஸ்பகெட்டி ஒரே தட்டில் வரும். ஏதோ அரசியல் சாசனத்தின் ஷரத்து போல ஒலிக்கும் இந்தப் பெயரைச் சொன்னால் பரிமாறுகிறவர் முகத்தில் சின்னச் சிரிப்பு தெரியும், இவருக்கு விஷயம் தெரியும் என்று. முதல்முறை போகிறவருக்கு இதையே சொல்வோம். இரண்டும் கலந்து ருசி கெடும் என்ற பயம் வேண்டாம். இரண்டிலும் ஓடுவது ஒரே மசாலா.

அந்த மசாலாவுக்கு ஹவாஷ் என்று பெயர். சீரகம், மல்லி, மிளகு, ஏலக்காய், பட்டை, கிராம்பு ஆகியவற்றை வறுத்துப் பொடித்து மஞ்சள் சேர்த்தது. நம்முடைய கறிமசால் பொடியில் மிளகாய் வற்றலை மட்டும் மறந்துவிட்டால் என்ன கிடைக்குமோ அது. அதனால் சோற்றில் காரம் தேடாதீர்கள், இருக்காது. காரம் பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கிறது: பச்சை மிளகாய், கொத்தமல்லி, பூண்டு, எலுமிச்சை அரைத்த பஸ்பாஸ். கடைக்குக் கடை அதன் வேகம் மாறும், எனவே முதலில் அரைக் கரண்டி. ஒரு கிண்ணம் போதாதென்றால் இன்னொன்று கேட்கலாம்.

வாழைப்பழம் கேட்காமலே வரும். வராவிட்டால் ‘மூஸ்’ என்று கேளுங்கள். அது பிறகு சாப்பிடும் பழமல்ல. ஷபெல்லே, ஜூபா ஆற்றங்கரைகளில் இத்தாலியர் காலத்தில் பெருகி ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய வாழை, உள்ளூர்த் தட்டிலும் இடம் பிடித்துக்கொண்டது. ஒரு கவளம் சோறு, ஒரு விள்ளல் பழம், கொஞ்சம் பஸ்பாஸ். புட்டுக்குப் பழம் பிசைந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை. உப்பு, காரம், இனிப்பு மூன்றும் ஒரே வாயில் சேரும்போதுதான் இந்தச் சோறு ஏன் காரமில்லாமல் சமைக்கப்படுகிறது என்பது புரியும்.

மெனு அட்டையைப் படிப்பது

சோமாலி மொழி 1972இல் லத்தீன் எழுத்தை ஏற்றது. எழுத்து லத்தீன்தான் என்றாலும் இரண்டு எழுத்துக்கு ஒலி வேறு. எக்ஸ் என்ற எழுத்து அழுத்தமான ‘ஹ’. எக்ஸில் தொடங்கும் ‘ஸல்வோ’ என்று ஏதோ தெரிந்தால் அது ஹல்வோ, அதாவது அல்வா. சி என்ற எழுத்து அரபு ‘ஐன்’. நம் வாய்க்கு அது கிட்டத்தட்ட மௌனம். எனவே சியில் தொடங்குவதைப் பார்த்து ‘கஞ்சீரோ’ என்று கேட்காதீர்கள், அது அன்ஜீரோ, அவர்கள் ஊர்த் தோசை. ‘காம்பே’ போலத் தெரிவது அம்பே, மாம்பழம்; ‘ஆம்’, ‘ஆம்பா’ என்று வட இந்தியாவில் மாம்பழத்தைச் சொல்வதன் உறவுதான். பஜியே என்றிருப்பது தட்டைப்பயறு அரைத்துச் சுட்ட வடை. பெயரைப் பார்த்தாலே எங்கிருந்து கப்பலேறியது என்று தெரிந்துவிடும்.

காலையில் போகிறவர்கள்

காலை எட்டு முதல் பத்தரை வரை போக முடிந்தால் சோற்றை மறந்துவிடுங்கள். அன்ஜீரோதான். இரவே புளிக்கவைத்த மாவைக் கல்லின் நடுவில் ஊற்றி, கரண்டியின் அடியால் வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே போவார்கள், தோசை வார்ப்பது போலவே. ஆனால் சுழிகள் அப்படியே கண்ணுக்குத் தெரியும். மூடிவைத்து ஒரே பக்கம் வேகவிடுவார்கள். மேல்பக்கம் ஆப்பம் போலக் கண் கண்ணாகத் திறந்திருக்கும். எத்தியோப்பிய இன்ஜெராவோடு இதைக் குழப்புகிறார்கள். அது டெஃப் தானியத்தில் செய்து, பெரிய தாம்பாளம் அகலத்துக்கு இருக்கும், புளிப்பு தூக்கலாக இருக்கும். இது சாப்பாட்டுத் தட்டளவு, மெல்லியது, புளிப்பு குறைவு.

தொட்டுக்கொள்ள மூன்று வழி. ஈரல் வதக்கல் (மெனுவில் beer என்று எழுதியிருக்கும், படிப்பது ‘பேர்’, ஈரலின் பெயரே அதுதான், ஹலால் கடையில் பீர் விற்கிறார்களோ என்று திகைக்க வேண்டாம்). அல்லது சுகார். அல்லது எள் எண்ணெயும் சர்க்கரையும். மூன்றாவதைப் படித்ததும் தமிழ் வீடுகளில் வளர்ந்த பலருக்கும் நல்லெண்ணெய் சர்க்கரை தொட்ட தோசை ஞாபகம் வந்திருக்கும். ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. அந்த எண்ணெயை சோமாலியாவில் ஒட்டகம் சுற்றும் செக்கில் ஆட்டுவது பழைய வழக்கம். செக்குக்கு அங்கே மஸாரோ என்று பெயர். நம் பக்கம் மாடு, அங்கே ஒட்டகம், எள் மட்டும் ஒன்றுதான்.

ஒருவருக்கு மூன்று அன்ஜீரோ தாங்கும். ஈரல் கேட்பதானால் அடுப்பிலிருந்து நேராக வருகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்; மறுசூடு காட்டிய ஈரல் ரப்பர். மாலை ஆறு மணிக்கு அன்ஜீரோ கேட்டால் கொடுப்பார்கள், காலையில் சுட்டதை. நுனி விறைத்து நடு ஈரமாக இருக்கும், கையில் எடுத்தால் பிய்ந்துவிடும். அந்நேரத்துக்கு அது வேண்டாம்.

ராத்திரிக்கு என்ன?

இரவில் கேட்க வேண்டியவை, கேட்டபின் கல்லில் ஏறுகிறவை. முதலிடம் ஸபாயத். மடித்து மடித்துத் தேய்த்து எண்ணெயில் சுடும் அடுக்கு ரொட்டி. நம் பரோட்டாவுக்கும் கென்யச் சப்பாத்திக்கும் பங்காளி. சுகாரோடு கேளுங்கள், இரண்டும் சுடச்சுட வரும். அந்த ஸபாயத்தையே துண்டு துண்டாக வெட்டி, மாட்டுக்கறித் துண்டும் காய்கறியும் போட்டுக் கல்லில் பிரட்டினால் கே.கே. கொத்துப் பரோட்டா என்று மனசில் மொழிபெயர்த்துக்கொள்ளலாம், ஆனால் முட்டையும் சால்னாவும் எதிர்பார்க்காதீர்கள். எட்டு மணிக்கு மேல் தனியாகப் போகிறவருக்கு இந்தக் கே.கே.யை மிஞ்சியது இல்லை.

கோழி இரண்டாவது. தட்டையாகத் தட்டி வெங்காயம், மிளகாயோடு சுட்ட நெஞ்சுக்கறி நிமிடங்களில் தயாராகும். சிக்கன் ஃபென்டாஸ்டிக் என்று க்ரீமும் சீஸும் காய்கறியும் சேர்த்து ஒன்று இருக்கிறது. அது புலம்பெயர்ந்தவர்கள் கடைகளில் கிடைப்பது. குழந்தைகள் விரும்புவார்கள், பெரியவர்கள் அதற்காகப் போக வேண்டியதில்லை. மீன் கிடைக்கும். ஆனால் மினியாபொலிஸ் கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று நினைத்துப் பாருங்கள். அத்தனையும் உறைநிலையில் வந்தது. பொரித்துத் தருவார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை, நினைவில் நிற்கவும் ஒன்றுமில்லை.

ஒட்டகக் கறி? ஆசைப்படுகிறவர்கள் அதிகம். அமெரிக்காவில் கிடைப்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்து வருவது. கொழுப்பு குறைந்த கறி, நார் தடிமன். துண்டாகக் கேட்டால் தாடை வலிக்கும். கொத்துக்கறியாகவோ, பொடிப்பொடியாக நறுக்கி நெடுநேரம் வதக்கியதாகவோ இருந்தால் வாங்கலாம். புதிதாக வெட்டிய ஒட்டகக் கறியும் ஒட்டகப் பாலும் வேண்டுமென்றால் அதற்கான ஊர் நைரோபி, அங்கே சோமாலியர்கள் நிறைந்த ஈஸ்ட்லி பகுதி.

ரமலான் மாதத்தில் இந்தப் பட்டியல் முழுவதும் தலைகீழாகும். பகலில் பல கடைகள் மூடியிருக்கும். சூரியன் சாய்ந்ததும் பேரீச்சை, சூப், ஸம்பூஸ், பஜியே என்று நோன்பு திறக்கும் பண்டங்கள்தான் ராஜா. ஸம்பூஸ் எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில் கிடைக்கும் மாதம் அது. மற்ற மாதங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பதை விரலால் தட்டிப்பார்க்க முடியாது, ‘இப்போது போட்டதா?’ என்று கேட்கலாம்.

சைவர்கள்

நேராகச் சொல்லிவிடுவது நல்லது: கண்டிப்பான சைவர்களுக்கு இது சரியான இடமல்ல. சோறு கறிச்சாற்றில் வெந்தது. சூகோவில் கறி. பஜியே பயறுதான், ஆனால் கறி ஸம்பூஸ் பொரித்த எண்ணெயிலேயே பொரிந்திருக்கலாம். மிஞ்சுவது அன்ஜீரோ, ஸபாயத், காய்கறி போட்ட பாஸ்தோ, கீரைத்தட்டு, பஸ்பாஸ், பழம், முட்டை தவிர்க்காதவர்களானால் மலவாஹ் என்ற இனிப்புத் தோசை. சில கடைகளில் அம்பூலோ இருக்கும்: சிவப்புப் பயறை நெடுநேரம் வேகவைத்து, எண்ணெயோ நெய்யோ ஊற்றி, சர்க்கரை தூவியது. கிடைத்தால் விடாதீர்கள், நம்மூர்ச் சுண்டலும் பாயசமும் நடுவழியில் சந்தித்தது போலிருக்கும். நாலு பேரில் ஒருவர் சைவம் என்றால் இதைக்கொண்டு சமாளிக்கலாம். நாலு பேருமே சைவம் என்றால் அதே சுற்றுவட்டாரத்தில் எத்தியோப்பியக் கடை பாருங்கள்; ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் விரத நாள் சமையலால் அவர்களிடம் பருப்பும் காயும் வகை வகையாக இருக்கும்.

எத்தனை பேர், எங்கே உட்கார்வது, எவ்வளவு கேட்பது

ஆளுக்கொரு தட்டு என்று கேட்பதுதான் இங்கே பணம் வீணாகும் வழி. ஆட்டுக்கறித் தட்டு ஒன்று பெரும்பாலும் பசித்த ஒருவருக்கு அதிகம், இருவருக்குச் சரி. நாலு பேர் போனால் இரண்டு ஆட்டுக்கறிச் சோறு, ஒரு சுகார் பாஸ்தோ, தொட்டுக்கொள்ள இரண்டு ஸபாயத் போதும். எல்லாம் நடுவில் வைத்து வலக்கையால் எடுப்பது வழக்கம். கைகழுவும் தொட்டி பல கடைகளில் சாப்பிடும் கூடத்திலேயே இருக்கும். கரண்டி கேட்டாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

டீக்கடை போல முன்பக்கம் ஆண்கள் கூட்டமாக உட்கார்ந்து அரசியல் பேசிக்கொண்டிருந்தால் பெண்களோடு போகிறவர்கள் தயங்குவதுண்டு. உள்ளே குடும்பப் பகுதி இருக்கிறதா என்று கேளுங்கள், பல இடங்களில் தடுப்போடு இருக்கும். மேசைக்கு வந்து பரிமாறினால் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ். கல்லாவில் நின்று வாங்கினால் உங்கள் இஷ்டம்.

டீ (ஷாஹ்) பற்றி ஓர் எச்சரிக்கை. ஏலக்காய், பட்டை, கிராம்பு, இஞ்சி போட்டு மொத்தமாகக் காய்ச்சும்போதே சர்க்கரையும் விழுந்திருக்கும். பிறகு ‘சர்க்கரை வேண்டாம்’ என்று சொல்லிப் பயனில்லை. பால் போடாத டீயில் இனிப்பு சற்று அடங்கித் தெரியும். அதுவும் கூடாதென்றால் வெந்நீர் வாங்கிப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம்.

பார்சல் வாங்குவதானால்

சோறும் கே.கே.யும் வீடுவரை தாங்கும். ஸ்பகெட்டி கட்டிபிடிக்கும். ஸம்பூஸ் மூடிய டப்பாவுக்குள் தன் ஆவியிலேயே நமுத்துப்போகும், எனவே தாள் பையில் வாய் திறந்தபடி வாங்க வேண்டும். ஆட்டுக்கறியைச் சோற்றுக்கு மேலே வைக்காமல் அடியில் புதைத்துத் தரச் சொல்லுங்கள், காற்றுப்படாமல் இருக்கும். வீட்டில் சூடுபடுத்தும்போது தண்ணீர் தெளிக்காதீர்கள். சூப்பைத் தனி டப்பாவில் கேட்டு வாங்கியிருந்தால் அதில் மூன்று மேசைக்கரண்டி எடுத்துச் சோற்றில் தெளித்து, மூடிபோட்டுச் சிறுதீயில் பத்து நிமிடம். பார்சல் என்றால் பல கடைகளில் சூப்பையும் வாழைப்பழத்தையும் மறந்துவிடுவார்கள். பையை வாங்கியதும் கல்லாவிலேயே பிரித்துப் பாருங்கள்.